ஊறுகாய் செல்

நான் ஓய்வு பெற்ற அன்று, கேக் வெட்டி, மாலை போட்டு, பேச வேண்டியவர்கள் எல்லாம் பேசி முடித்த பிறகு, லேபில் புதிதாகச் சேர்ந்திருந்த சௌம்யா என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல, கேளு."

"அலுமினியம் லைனிங் போட்ட காயின் செல்லை நம்ம லேப்ல எல்லாரும் ஊறுகாய் செல்னு சொல்றாங்களே, ஏன் மேடம்? நெட்ல தேடிப் பாத்தேன். உலகத்துல யாருமே அப்படிச் சொல்லல."

சிரித்துவிட்டேன். அந்தப் பெயரை வைத்தவர் ரஹ்மத் பாய். பெயருக்குக் காரணம் என் வீட்டுக்காரர். பெருமை முழுவதும் என்னுடையது. இதை நின்றுகொண்டே சொல்ல முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். அடக்கமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். இத்தனை வருஷம் அடக்கமாக இருந்தாயிற்று, போதும்.

நான் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்ததும் ஓசூர் ரோட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. தினமும் பொம்மனஹள்ளி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆசிட் தெறித்து என் காட்டன் புடவைகள் எல்லாம் சல்லடையாகின. பேட்டரி என்பது உள்ளே நடப்பதை வெளியே காட்டிக்கொள்ளாத பொருள் என்று கற்றுக்கொண்டேன். பிறகு லித்தியம் பேட்டரி காலம் வந்தது. இன்னொரு கம்பெனி எலக்ட்ரிக் ஆட்டோக்களுக்கு பேட்டரி செய்ய லேப் ஆரம்பித்தபோது அங்கே போய்ச் சேர்ந்தேன். அங்கேதான் நாகரத்னா மேடம் எனக்கு மேலதிகாரி.

மேடம் துமகூருக்காரர். வீட்டில் கன்னடம் பேசுபவர். மல்லேஸ்வரத்தில் தமிழர்கள் வீட்டு மாடியிலேயே பாதி ஆயுள் குடியிருந்ததால் தமிழும் சரளமாக வரும், நடுநடுவே கன்னடம் புகுந்துகொள்ளும். யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. அவருடைய கண்டிப்பு வேறு மாதிரி.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லித்தியம் பேட்டரிக்குள் ஒரு திரவம் இருக்கிறது. அதற்கு எலக்ட்ரோலைட் என்று பெயர். ஒரு கரைப்பானில் லித்தியம் உப்பைக் கரைத்துச் செய்வது. பேட்டரிக்குள் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் மின்னேற்றத்தைச் சுமந்து போவது அந்த உப்புதான். பெரும்பாலான பேட்டரிகளில் இருப்பது பாஸ்பரஸும் ஃப்ளூரினும் சேர்ந்த, வாய்க்குள் நுழையாத பெயர் கொண்ட ஒரே உப்பு. நாங்கள் அதைப் பழைய உப்பு என்போம். வேலையில் கெட்டிக்கார உப்பு. ஆனால் ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது. துளி ஈரம் பட்டால் கண்ணாடியையே அரிக்கும் அமிலத்தைக் கக்கும். சூடு ஏறினால் தானாகவே சிதையும். பெங்களூர் வெயிலில் சமாளித்துவிடும். வடக்கே கலபுரகியிலும் ராய்ச்சூரிலும் ஓடிய ஆட்டோக்களின் பேட்டரிகள்தான் ஒவ்வொரு கோடையிலும் வீங்கித் திரும்பி வந்தன. அந்த வெயிலைத் தாங்கும் மாற்று உப்பைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை அதுதான்.

எல்லாம் குளோவ் பாக்ஸுக்குள் நடக்கும். ஆர்கான் வாயு நிரப்பிய பெரிய கண்ணாடிப் பெட்டி அது. முன்பக்கத் துளைகளில் தோள்வரை நீளும் தடித்த ரப்பர்க் கையுறைகள். மோதிரம், வளையல், நீண்ட நகம் எதுவும் ஆகாது. கையுறையில் ஊசித்துளை விழுந்தாலும் ஈரம் உள்ளே போய்விடும். கல்யாண சீசனில் நகம் வளர்த்துக்கொண்டு வரும் பெண்களுக்கு மேடமே நகவெட்டியை எடுத்துக் கொடுப்பார். உள்ளே போகும் பொருள் எதுவானாலும் முதலில் பக்கத்துச் சிற்றறையில் வைத்து, காற்றை உறிஞ்சி, ஆர்கானை நிரப்பி, மறுபடி உறிஞ்சி, மறுபடி நிரப்பி, அதற்கப்புறம்தான் உள்கதவைத் திறக்கலாம். அவசரக்காரர்கள் பாதியிலேயே திறக்கப் பார்ப்பார்கள். மேடம் ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, சிற்றறையையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்து போகும்வரை யாருக்கும் கதவில் கை வைக்கத் தைரியம் வராது. அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

உப்பைக் கரைப்பதிலும் அப்படித்தான். குளிரவைத்த கரைப்பானில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் திரவம் சூடேறிக் கெட்டுவிடும். கரைந்து முடிந்த குப்பிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து மேடம் பார்ப்பார். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தால் தலையசைப்பார். இளமஞ்சள் தட்டினால், "இன்னொரு வாட்டி பண்ணிடலாம்" என்று குப்பியைத் தள்ளி வைப்பார்.

அவருடைய முக்கியமான விதி இன்னொன்று உண்டு. சோதனையில் ஒரு செல் செத்துப் போனால், அதைத் திறந்து பார்க்காமல் செத்துவிட்டது என்று ரிப்போர்ட்டில் எழுதக் கூடாது. யார் போய், "மேடம், அது போயிடுச்சு" என்றாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "பிரிச்சு பாத்தீங்களா?"

நாங்கள் தேர்ந்தெடுத்த மாற்று உப்புக்கு எஃப்.எஸ்.ஐ. என்று சுருக்கப் பெயர். சல்ஃபர் சேர்ந்தது, சூட்டுக்கு அசராதது. அதைத்தான் எடுக்க வேண்டும் என்று மன்றாடியவள் நான். அதற்கு ஒரு கெட்ட பெயர் உண்டு, அலுமினியத்தை அரித்துவிடும் என்று. பேட்டரிக்குள் மின்சாரத்தைச் சேகரித்து வெளியே அனுப்புவதே ஓர் அலுமினியத் தகடு, அதையே தின்றால் என்ன செய்வது? அதற்காக போரான் கலந்த இன்னோர் உப்பைக் கொஞ்சம் சேர்த்தோம். அது அலுமினியத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து காவல் காக்கும். கலவையைச் சட்டைப் பித்தான் போன்ற காயின் செல்களில் ஊற்றி, கலபுரகிக் கோடையைவிடச் சூடான ஓவனில் வைத்துவிட்டு, என் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக நான் வேலூருக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது இரண்டு துக்கச் செய்திகள் காத்திருந்தன.

முதலாவது வீட்டில். என் வீட்டுக்காரர் பேங்கில் வேலை பார்த்தவர், எதையும் ஒழுங்குபடுத்தாமல் இருக்கமாட்டார். அம்மா போட்டுக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் பீங்கான் ஜாடியில் அலமாரியை அடைத்துக்கொண்டு இருந்ததாம். எதற்கோ இலவசமாக வந்த எவர்சில்வர் டப்பாவுக்கு அதை மாற்றி வைத்துவிட்டார். மூடியைத் திறந்தால் ஊறுகாய் கறுத்து, துரு வாடை அடித்தது.

"உங்கம்மாவுக்கு வயசாயிடுச்சு. உப்பு சரியா போடல. கெட்டுப்போச்சு பாரு" என்றார்.

"ஊறுகாய் கெடல. எவர்சில்வர்ல யாராவது ஊறுகாய் போட்டு வைப்பாங்களா?" என்று டப்பாவைக் கழுவிக் காட்டினேன். அடியில் ஊசியால் குத்தினாற்போல் கரும்புள்ளிகள். அன்று சமையலறையில் நடந்த வாக்குவாதத்தை இங்கே எழுத முடியாது.

இரண்டாவது செய்தி லேபில். எஃப்.எஸ்.ஐ. போட்ட செல்கள் எல்லாம் ஓவனில் செத்துவிட்டன. சார்ஜ் ஏற்றினால் ஏறிக்கொண்டே போகிறது, தங்குவதில்லை. ஒரு சின்னப் பையன் என்ஜினியர் செல்லைப் பிரித்துப் பார்த்து, "உலோக அரிப்பு, கறை உள்ளது" என்று எழுதியிருந்தான். இந்த உப்பு அலுமினியத்தை அரிக்கும் என்றுதான் எல்லா ஆய்வுக் கட்டுரையும் சொல்கிறதே, யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. மேடம் கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட்டை மேலே அனுப்பிவிட்டார். வியாபாரப் பிரிவின் தலைவர் கார்த்திக், சென்னையிலிருந்து வந்தவர், மாற்று உப்பு வேலையை மூடிவிடலாம் என்று ஒரு கூட்டத்துக்கும் நாள் குறித்துவிட்டார். மூடினால் எங்கள் குளோவ் பாக்ஸ்கள் புனே கிளைக்குப் போகும். எனக்கு, வாசலில் வந்து இறங்கும் சரக்கைச் சோதிக்கும் வேலை. அதைவிட, பழைய உப்பை வைத்துக்கொண்டு அடுத்த கோடையிலும் கலபுரகியில் பேட்டரிகள் வீங்கும். நான் பிடிவாதமாகக் கொண்டுவந்த உப்பு, கொலைகாரன் என்ற பெயரோடு அலமாரிக்குப் போகும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செத்த செல்களில் மிச்சமிருந்த ஒன்றை குளோவ் பாக்ஸுக்குள் கொண்டுபோனேன். வாயைப் பிரிக்கும் கருவியில் வைத்து, விளிம்பு நிமிரும்வரை மெதுவாக அழுத்தினேன். மூடியைத் தூக்கி, அடுக்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கரைப்பானில் அலசி வரிசையாக வைத்தேன். அலுமினியத் தகட்டைத் திருப்பினேன். பளிச்சென்று இருந்தது. ஒரு புள்ளி இல்லை. காவலுக்குப் போட்ட போரான் உப்பு தன் வேலையைச் செய்திருந்தது.

அப்படியானால் கறை எங்கே? நடுவில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இருந்தது. செங்காவிப் பழுப்பு.

அலுமினியம் அரித்தால் வெள்ளையாகவோ சாம்பலாகவோ பூக்கும், பழுப்பாக ஆகாது. பழுப்பு இரும்பின் நிறம். அந்தப் பையன் கறை என்று எழுதினானே தவிர, என்ன நிறம் என்று எழுதவில்லை. செல்லின் வெளிக்கூடான கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். எஃகுக் கிண்ணம், எவர்சில்வரும் அதே இனம்தான். அடியில் ஊசியால் குத்தினாற்போல் கரும்புள்ளிகள். அவற்றை நான் முந்தின நாள்தான் வேறோர் இடத்தில் பார்த்திருந்தேன்.

விஷயம் இதுதான். பழைய உப்பு சிதையும்போதே உலோகங்களின் மேல் ஒரு பாதுகாப்புப் படலத்தைப் போட்டுவிடும். அதனால் எஃகுக் கிண்ணத்தில் சோதித்தபோதெல்லாம் பிரச்சினை வரவில்லை. புதிய உப்பு சிதைவதே இல்லை, படலமும் கிடையாது. போரான் உப்பு அலுமினியத்தைக் காக்கும், எஃகைக் காக்காது. ஆட்டோவில் போகும் எங்கள் பெரிய செல்லிலோ எலக்ட்ரோலைட் தொடும் இடத்தில் எஃகே இல்லை. சோதிக்கும் கிண்ணத்தில் மட்டும்தான் எஃகு. டப்பாவின் குற்றத்துக்கு ஊறுகாயைத் தூக்கில் போடப் பார்த்தார்கள்.

மேடத்தின் அறைக்கு ஓடினேன். மேஜைமேல் கிண்ணத்தையும் தாளையும் வைத்தேன். அவர் பழுப்புக் கறையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏன்ரீ தமயந்தி, இது ஐரன் அல்லவா?"

"ஐரன்தான் மேடம்."

"பிரிச்சு பாத்தீங்களான்னு கேட்டேன். பாத்தோம்னாங்க. என்ன நிறம்னு நான் கேக்கல." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கறேன்."

"மேடம், உங்க கையெழுத்து போட்டு மேல போயாச்சே. கார்த்திக் சார் என்ன சொல்வாரு?"

"கையெழுத்து காகிதத்து மேலதானே இருக்கு, பிடு, விடுங்க. ஆனா ஒண்ணு கேளுங்க. லைனிங் போட்ட செல் பிழைச்சா மட்டும் போதாது. அதே எலக்ட்ரோலைட், அதே ஓவன், லைனிங் இல்லாதது அத்தனையும் சாகணும். அப்பத்தான் நான் வாயைத் திறப்பேன்."

அவர் சொன்னது சரி. உள்ளே அலுமினியம் பூசிய கிண்ணங்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் வந்து சேராது. நாங்களே எஃகுக் கிண்ணத்துக்கு அலுமினியத் தாளால் உள்ளாடை தைத்துப் போட வேண்டியதாயிற்று. செல்களை அடைக்கும் டெக்னீஷியன் ரஹ்மத் பாய், சிவாஜிநகர்க்காரர், கையில் பூ மாதிரி வேலை வரும். அவரே திணறினார். தாள் கிண்ணத்தின் அடியில் படிந்து சுவரிலும் ஏற வேண்டும். சுருங்கினால் மூடி இறங்காது, இழுத்தால் கிழியும்.

"நக்கோ மேடம், இது ஆவாது. ஓரத்துல போயி கிழியுது பாருங்க."

"கண்ணாடிக் குப்பியோட அடியை வெச்சு அழுத்துங்க பாய். நடுவுல அழுத்தாம ஓரத்துலேருந்து உள்ள வாங்க."

அப்படிச் செய்ததும் உட்கார்ந்தது. எதற்கு இந்தப் பாடு என்று கேட்டார். ஊறுகாய்க் கதையைச் சொன்னேன். பாய் சிரித்த சிரிப்பில் குளோவ் பாக்ஸின் கண்ணாடி அதிர்ந்தது. மறுநாள் காலையில் ஓவன் தட்டுகளில் இரண்டு சீட்டுகள் ஒட்டியிருந்தன. லைனிங் இல்லாத செல்களுக்கு 'டப்பா', லைனிங் போட்டவற்றுக்கு 'ஊறுகாய்'. அந்தப் பெயர்தான் இன்றுவரை நிற்கிறது.

கூட்டத்தன்று லேபிலேயே நின்றுகொண்டு பேசினோம். ஓவனிலிருந்து எல்லா செல்களும் இறங்கியிருந்தன. டப்பா தட்டில் இருந்தவை ஒன்றுவிடாமல் செத்திருந்தன. ஊறுகாய் தட்டில் இருந்தவை உயிரோடிருந்தன, ஒன்றைத் தவிர.

கார்த்திக் கெட்டவர் இல்லை. எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வீட்டிலிருந்து நான் கொண்டுவந்திருந்த எவர்சில்வர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு அந்த ஒற்றைச் செல்லை எடுத்தார்.

"டப்பாதான் வில்லன்னு சொல்றீங்க மேடம். ஓகே. டப்பாவை மூடிட்டீங்க. அப்புறமும் இது ஏன் செத்துச்சு? இதுக்குப் பதில் இல்லேன்னா, நான் இதை கஸ்டமர்கிட்ட எப்படி எடுத்துட்டுப் போறது?"

எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"பிரிச்சு பாத்தீங்களா?"

"இல்ல மேடம். இப்பதான் இறங்கிச்சு."

"பிரிங்க. அவரும் பாக்கட்டும்." கார்த்திக்குக்கு குளோவ் பாக்ஸ் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சிற்றறையில் காற்று உறிஞ்சி, நிரப்பி, உறிஞ்சி, நிரப்பி முடியும்வரை அவரையும் உட்காரவைத்தார். நடுவில் கார்த்திக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் பார்த்தது சிற்றறையை. கடிகாரம் சட்டைக் கைக்குள் போய்விட்டது.

என் கைகள் கையுறைக்குள் போயின. எந்தக் கல்யாண வீட்டிலும் அத்தனை பேர் என் கையைப் பார்த்ததில்லை. மூடியைத் தூக்கினேன். அடுக்குகளை எடுத்தேன். அலுமினியத் தகடு சுத்தமாக இருந்தது. பிளாஸ்டிக் தாளை இடுக்கியால் தூக்கி விளக்கின் கீழ் பிடித்தேன். ஓர் ஓரத்தில் மட்டும், பிறை நிலா அளவுக்குப் பழுப்பு. மற்ற இடமெல்லாம் வெள்ளை.

கிண்ணத்தைத் திருப்பிக் கண்ணாடிக்கு அருகில் காட்டினேன். உள்ளாடைத் தாள் ஓர் ஓரத்தில் கிழிந்திருந்தது. கிழிசலும் பிறை வடிவம்தான். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். கறையும் கிழிசலும் கச்சிதமாகப் பொருந்தின. கிழிசல் வழியாகத் தெரிந்த எஃகில் கரும்புள்ளிகள்.

ரஹ்மத் பாய்தான் முதலில் வாயைத் திறந்தார். "அது என் கைவேலை சார். ஓரம் கிழிஞ்சது எனக்கே தெரியல."

"உங்க கைவேலையாலதான் பாய் கேஸே ஜெயிச்சுது" என்றார் கார்த்திக். எழுந்து மேடத்திடம் திரும்பினார். "கன்டின்யூ பண்ணுங்க மேடம்." வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "இந்த டப்பாவை நான் எடுத்துக்கலாமா? கஸ்டமருக்குக் காட்டணும்" என்றார். கொடுத்தேன். என் வீட்டுக்காரரின் திருக்கரங்களால் பாழான அந்த டப்பா கலபுரகிவரை போய் வந்தது. அதை அவர் இன்றுவரை தன் பங்களிப்பு என்று சொல்லிக்கொள்கிறார்.

எல்லோரும் போன பிறகு மேடம் ஒரு காரியம் செய்தார். லேப் நடைமுறைத் தாளை எடுத்து, 'பிரித்துப் பார்த்தபின் எழுதுக' என்ற வரியில், 'நிறத்தையும் எழுதுக' என்று தன் கையால் சேர்த்தார். அந்தப் பையனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் இப்போது புனே கிளையில் பெரிய பதவியில் இருக்கிறான். அவன் அனுப்பும் ரிப்போர்ட்டுகளில் நிறம் என்று தனியாக ஒரு தலைப்பே உண்டு.

அதற்குப் பிறகு வேலை சுலபமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். போரான் உப்பின் அளவைக் கூட்டிக் குறைத்து, குளிரிலும் பார்த்து, பெரிய செல்லில் போட்டு, ஆட்டோவில் ஏற்றுவதற்குள் மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் எங்கள் கலவை போட்ட வண்டிகள் கோடைகளைத் தாண்டின. வீங்கிய பேட்டரிகளைப் போட்டுவைக்கும் அறை காலியாகி, இப்போது அங்கே சாப்பாட்டு மேஜை போட்டிருக்கிறார்கள். அந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒவ்வொரு நாளும் எனக்குத் திமிராகத்தான் இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின நாள், கலபுரகியிலிருந்து ஒரு வண்டியின் பேட்டரி வந்தது. பழுது ஒன்றுமில்லை. ஆட்டோ எதிலோ இடித்து நசுங்கியதால் வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி அனுப்பியிருந்தார்கள். பல கோடைகளைப் பார்த்த பேட்டரி. சோதித்தால் எல்லா செல்களும் உயிரோடு இருந்தன. அதில் ஒன்றை எடுத்து, சார்ஜை முழுவதும் வடித்துவிட்டு, குளோவ் பாக்ஸுக்குள் கொண்டுபோய்ப் பிரித்தேன். எந்த விதியும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

கையுறையைக் கழற்றியதும் மேடத்துக்கு போன் போட்டேன்.

"மேடம், தமயந்தி பேசறேன். கலபுரகி செல் ஒண்ணு பிரிச்சு பாத்தேன்."

"அய்யோ, சத்தோய்த்தா?"

"சாகல மேடம். நல்லாவே இருந்தது."

அந்தப் பக்கம் அதே பழைய குரல்.

"என்ன நிறம்?"

"அலுமினியம் நிறம் மேடம். எங்கயும் ஒரு புள்ளி இல்ல."

"ஹௌதா, அப்படியா?" என்றார். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. உடனே சுதாரித்துக்கொண்டார். "அதுசரி, உயிரோட இருக்கற செல்லை எதுக்குரீ பிரிச்சீங்க? செத்ததைத்தானே பிரிக்கணும்?"

"பெருமைக்கு மேடம்" என்றேன்.